அம்மனிடம் நகல் செல்லாது

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் விஞ்ஞானம்தான். மற்ற வீடுகளில் இட்லிக்குக் கறிக்குழம்பு ஊற்றி நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். நானும் கறிக்குழம்பு வைப்பேன். ஆனால் அதை வாயில் வைக்க விடாமல் என் வீட்டுக்காரர் பேப்பரை விரித்துக்கொண்டு, வெளிநாட்டில் யாரோ எதையோ கண்டுபிடித்த கதையை உரக்கப் படிப்பார். ஒரு வாரம் முட்டையின் மஞ்சள் கரு நெஞ்சுக்கு ஆகாது என்று வரும். நான் மஞ்சள் கருவைத் தோண்டி எடுத்து வாசல் நாய்க்குப் போடுவேன். கொஞ்ச நாள் கழித்து அதே பேப்பரில், மஞ்சள் கரு அப்படியொன்றும் மோசமில்லை என்று வரும். "அப்ப இத்தனை நாளா நாய்க்குப் போட்டது?" என்று கேட்டால், "விஞ்ஞானம்னா அப்படித்தான், தன்னைத்தானே திருத்திக்கும்" என்பார். அது தன்னைத் திருத்திக்கொள்ளட்டும், யார் வேண்டாம் என்றது. என் அடுப்படியை எதற்கு வாராவாரம் திருத்த வேண்டும்? தேங்காயெண்ணெய் கெட்டதானது. டீ நல்லதானது, பிறகு அதுவும் கெட்டதானது. எல்லா மாற்றங்களிலும் அந்த நாய் மட்டும் கொழுகொழுவென்று இருந்தது.

அவருக்குக் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை. விஞ்ஞானி எல்லாம் இல்லை. இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்கும் பிரிவு. ஆனால் செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவே இருக்கும் அவருடைய ஊரில் அவர் சயின்டிஸ்ட். மாட்டுக்கு வயிறு உப்பினாலும் அவரிடம் கேட்பார்கள், டிவியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் அவரிடம் கேட்பார்கள். அவரும் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க மாட்டார். நான் திண்டுக்கல் பக்கத்துக்காரி. கல்யாணம் பண்ணி இங்கே வந்து, புதுப்பட்டினத்தில் மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் குடியேறினோம். வீடு சின்னது. பின்பக்கம் அடிபம்பும் ஒரு முருங்கை மரமும் உண்டு.

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு ஐப்பசி மழையில் அவர் படுத்தார். மலேரியா. சாதாரணமானது இல்லை, மூளைக்கு ஏறுகிற வகை என்று செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். குளிர் வரும்போது கட்டிலே தரையில் தட்டித் தட்டி நகரும். நானும் என் நாத்தனாரும் ஆளுக்கொரு பக்கம் அழுத்திப் பிடித்துக்கொள்வோம். கம்பளிமேல் கம்பளி போட்டாலும் அந்த உதறல் நிற்காது. பல்லோடு பல் அடிக்கும் சத்தம் தாழ்வாரம் வரை கேட்கும். அப்புறம் ஒரு நாள் உதறல் நின்று, ஆள் பேச்சுமூச்சு இல்லாமல் கிடந்தார். அதற்கு அந்த உதறலே தேவலை என்று ஆகிவிட்டது எனக்கு.

நாத்தனார் என்றால் அவருடைய அக்கா. ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பவர். மனசில் பட்டதை மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவார். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "இன்னாம்மே, சும்மா குந்திகினு கீற? வாயத் தொறந்து ஆத்தாகிட்ட கேளு" என்றார்.

"என்னன்னு அண்ணி கேக்குறது?"

"உசுருக்கு உசுரு தர்றேன்னு கேளு. கிடா வெட்றேன்னு சொல்லு. ஆத்தா சும்மா எதுவும் செய்ய மாட்டா."

அவர்கள் ஊர்க் கங்கையம்மனை எனக்கு அவ்வளவாகப் பழக்கம்கூட இல்லை. கல்யாணமான புதிதில் போய்க் கும்பிட்டதோடு சரி. ஆனாலும் அந்த நேரத்தில் யார் கேட்டிருந்தாலும் எதையும் கொடுத்திருப்பேன். "உசுருக்கு உசுரு தர்றேன் தாயே, இவர எந்திரிச்சு நடக்க வையி" என்று வாய்விட்டே சொன்னேன். எந்திரித்து நடந்தார். மருந்தும் ஒரு பக்கம் பாட்டில் பாட்டிலாக ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே காப்பாற்றியது யார் என்று எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. டாக்டருக்குக் கையெடுத்துக் கும்பிட்டாயிற்று. அம்மனுக்குச் சொன்ன சொல் மட்டும் பாக்கி நின்றது.

வேண்டுதல் கிடா என்பது அன்றைக்குக் கறிக்கடையில் வாங்கி அன்றைக்கே வெட்டுவது இல்லை. குட்டியாக நேர்ந்துவிட்டு வீட்டில் வளர்க்க வேண்டும். ஆடித் திருவிழாவில் மாலை போட்டு அம்மன் முன்னால் நிறுத்தி, தலைமேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆடு உடம்பை உதறிச் சிலிர்த்துக்கொண்டால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் கத்தி. உதறாவிட்டால் வெட்ட மாட்டார்கள். அப்பாடா என்று நினைக்காதீர்கள். உதறாவிட்டால் அம்மன் அந்த ஆட்டை ஏற்றுக்கொள்ளவில்லை, உசுருக்கு உசுரு என்ற பேச்சு அப்படியே நிற்கிறது. அதாவது என் வீட்டுக்காரர் உசுருக்கு உத்தரவாதம் இல்லை. எனக்கு அந்த ஒன்றுதான் முக்கியம். மற்றதெல்லாம் அப்புறம்.

நாத்தனார் ஒரு கறுப்புக் கிடாக்குட்டியைக் கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினார். தாயில்லாத குட்டி. என் வீட்டுக்காரர் அப்போது மருத்துவ விடுப்பில் எலும்பும் தோலுமாக வீட்டில் கிடந்தார். இரண்டு பேருக்கும் கஞ்சிதான். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் ஊற்றிவிட்டு நான் சமையலைப் பார்ப்பேன். "பேர் கீர் வெச்சுத் தொலைக்காதீங்க" என்று முதல் நாளே எச்சரித்தேன். பேர் வைக்கவில்லை. "சார்" என்று கூப்பிட ஆரம்பித்தார். "சார் சாப்ட்டாரா?" என்று கேட்பார். "சாருக்கு முருங்கைத் தழை பிடிக்கல, வேற ஏதாவது பாரு" என்பார். அவர் வேலைக்குத் திரும்பின பிறகு, சாயங்காலம் மையத்துப் பஸ் சத்தம் கேட்டதும் அது கயிற்றை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடும். மட்டன் பிரியாணியில் எலும்பைக்கூட மிச்சம் வைக்காத மனிதர் அவர். அவர் மடியில் ஆடு தலை வைத்துப் படுத்திருப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வரும், ஆடியை நினைத்துப் பயமும் வரும். ஒரு ஞாயிறு அந்த ஆடு பேப்பரின் அறிவியல் பக்கத்தை முழுசாகத் தின்றுவிட்டது. அன்றைக்குத்தான் எனக்கு அதன்மேல் மரியாதை வந்தது.

அது தின்னாமல் விட்ட பேப்பர் ஒன்றில்தான் அந்தச் செய்தி வந்தது. மாசி மாதம். நாத்தனார் ஒரு கட்டு அகத்திக்கீரையோடு ஆட்டைப் பார்க்க வந்திருந்தார். ஆடு எடை போட்டிருக்கிறதா என்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தபோது இவர் படித்தார். வெளிநாட்டில் ஒரு செம்மறி ஆட்டின் மடியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு துளியை எடுத்து, அதை வைத்தே அச்சு அசலாக இன்னொரு ஆட்டை உண்டாக்கிவிட்டார்களாம்.

"மடியிலர்ந்தா?" என்றார் நாத்தனார். "கிடா கிட்டயே போவலியா?"

"போகலக்கா. கிடாவே தேவப்படல."

"அப்ப இனிமே கிடாக்கு வேலயே இல்லன்றியா?"

"சயின்ஸ்படி பாத்தா தேவையில்லதான்."

"அப்ப இத்த வெட்றதுக்கு நீ ஏண்டா மூஞ்சத் தூக்கி வெச்சினு கீற?"

இவர் பக்கத்தைப் புரட்டினார். எனக்கு உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வர வேண்டியிருந்தது.

அக்கா ஊருக்குப் போனதும் இவர் என்னிடம் வந்தார். முகம் பிரகாசமாக இருந்தது. "இந்தா, யோசிச்சுப் பாரு. கொஞ்ச வருஷத்துல இது நம்மூருக்கும் வந்துடும். சாருக்கு ஒரு நகல் எடுத்துக்குவோம். நகல அம்மனுக்குக் குடுத்துடலாம். சொன்ன சொல்லும் நிக்கும், சாரும் நிப்பாரு" என்றார்.

"போங்க, வேலயப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். ஆனால் சனியன், அது என் மண்டைக்குள் புகுந்துகொண்டது. பாத்திரம் தேய்க்கும்போது யோசித்தேன், மீன் கழுவும்போது யோசித்தேன். நகல் என்பது அதே ஆடா, வேறு ஆடா? அதே ஆடு என்றால், அதை வெட்டினால் இதை வெட்டின மாதிரிதானே, அப்புறம் எதைக் காப்பாற்றினோம்? வேறு ஆடு என்றால், அதை நாம் நேர்ந்துவிடவே இல்லையே. பாதி அதே ஆடு, பாதி வேறு ஆடு என்றால் அம்மன் எந்தப் பாதியைப் பார்ப்பாள்? அன்றைக்கு மீன் குழம்பில் புளி ஊற்றவே மறந்துபோனேன்.

கொஞ்ச நாளில் இவருடைய ஆபீசர் ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். பெரிய படிப்பு, கும்பகோணம் பக்கத்துக்காரர், மெதுவாகப் பேசுவார். டீயைக் கையில் கொடுத்துவிட்டு நேராகவே கேட்டேன். "சார், அந்த நகல் ஆடு அதே ஆடா, வேற ஆடா?"

"உள்ள இருக்கற மரபணு ஒண்ணுதாம்மா. ஆனா ஆடு வேற. ரெட்டைக் குழந்தைங்க மாதிரின்னு வச்சுக்குங்கோ."

"சரிங்க சார். ரெட்டையில ஒருத்தர் மொட்டை போடறேன்னு வேண்டிக்கிட்டா, இன்னொருத்தர் போட்டா செல்லுமா?"

அவர் டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். "அது என்னோட பிரிவு இல்லம்மா" என்றார். என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார். முறைத்தால் முறைக்கட்டும். விடை தெரிந்தவர் ஒருத்தரும் இல்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

விஞ்ஞானம் கைவிட்டதால் பூசாரியிடமே போனேன். பஸ் பிடித்து ஊருக்குப் போய் இறங்கினால், அவர் ஒரு டிராக்டருக்கு அடியில் படுத்துக்கொண்டு ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். மற்ற நாளில் அவருக்கு அதுதான் வேலை. கால் மட்டும் வெளியே தெரிந்தது. அந்தக் காலிடம் முழுக் கதையையும் சொன்னேன். மடி, துளி, நகல், எல்லாம். அவர் ஊர்ந்து வெளியே வந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"நகலு செல்லாதும்மா."

"ஏன்ணே?"

"தாலுக்கா ஆபீஸ்லயே ஒரிஜினல் கொண்டான்றான். ஆத்தாகிட்ட ஜெராக்ஸ் எட்துனு போனா சும்மா வுடுவாளா? உன் வூட்டுக்காரு ஆபீசரு கையெழுத்துப் போட்டு சீல் குத்திக் குடுத்தாக்கூட செல்லாது. எத்த நேந்துகினியோ அத்தத்தான் குடுக்கணும்."

அவர் சொன்ன விதத்தில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. ஒருத்தராவது தெளிவாக ஒரு பதில் சொன்னாரே. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "அவரு டிராக்டர் மெக்கானிக்" என்றார் இவர். "நீங்க குழா மெக்கானிக்" என்றேன்.

வெயில் ஏற ஆரம்பித்ததும் இவர் ஒரு புதுப் பழக்கம் பிடித்தார். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஆட்டை அடிபம்பில் நிறுத்தித் தலையோடு தண்ணீர் ஊற்றுவார். ஆட்டுக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. முதலில் அது கத்தித் தீர்த்தது. உடம்பை உதறி என்மேலும் சுவரிலும் எல்லாம் தெறித்தது. "எதுக்குங்க அத இம்சை பண்றீங்க?" என்று கேட்டால், "வெயில் தாங்கல பாவம், உடம்பு குளிரட்டும்" என்பார். சரி, பாசம் முற்றிவிட்டது என்று விட்டுவிட்டேன். சித்திரை போய், வைகாசி போய், ஆனி வந்தபோது அந்த ஆடு பம்படியில் கல்லு மாதிரி நின்றது. ஒரு குடம் கவிழ்த்தாலும் கண்ணை மட்டும் மூடிக்கொள்ளும். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் மண்டையில் உறைக்கவில்லை.

ஆடி வந்தது. ஊரில் கூழ் ஊற்றி, பம்பை மேளம் அடித்து, சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டார்கள். பொழுது அப்போதுதான் விடிந்திருந்தது. ஆடிக் காற்று வேப்பமரத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. யாருக்காக வேண்டிக்கொண்டதோ அவர்தான் ஆட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது முறை. இவர் ஈர வேட்டியோடு, வெறும் உடம்போடு, அம்மன் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். காய்ச்சலில் இளைத்த உடம்பு இன்னும் முழுசாகத் தேறியிருக்கவில்லை. முதுகெலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. கொஞ்சம் தள்ளி, கத்தியை வேப்பிலையில் மூடி வைத்துக்கொண்டு ஒருத்தர் நின்றிருந்தார்.

பூசாரி கிணற்றுத் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து முதல் குடத்தை ஊற்றினார். ஆடு கண்ணை மூடிக்கொண்டது. அவ்வளவுதான். பம்பை வேகமானது. காத்திருந்தோம். ஆடு அசைபோட ஆரம்பித்தது.

"தலமேல ஊத்து பூசாரி. காதாண்ட ஊத்து" என்றார் நாத்தனார்.

இரண்டாம் குடம். ஆடு நின்ற இடத்தில் நின்றது. கூட்டத்தில், வீட்டில் என்ன குறை, யார் என்ன தப்பு பண்ணினார்கள் என்று முணுமுணுப்பு கிளம்பியது. நான் இவர் முகத்தைப் பார்த்தேன். மனிதர் அம்மனைப் பார்க்கவே இல்லை. ஆட்டின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார், எக்ஸ்ரே படத்தில் விரிசல் தேடுகிற அதே பார்வை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடிபம்பு. தினமும் காலையில். வெயிலாவது மண்ணாங்கட்டியாவது. ஆட்டுக்குப் பழக்கம் காட்டியிருக்கிறார், இந்த நாளுக்காக.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பாவி மனுசா, உன் உசுருக்குத்தானே இந்தப் பாடு. அம்மன் இந்த ஆட்டை வேண்டாம் என்று சொன்னால் அவள் கணக்கில் நிற்கப்போவது யார்? அவர் உதறாதே உதறாதே என்று வேண்டிக்கொண்டிருந்தார். நான் உதறு உதறு என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டிலிருந்து இப்படி இரண்டு வேண்டுதல் போனால் அம்மன்தான் என்ன செய்வாள்.

பூசாரி மூன்றாம் குடத்தைத் தூக்கி, ஆட்டின் தலையில் மொத்தமாகக் கவிழ்த்தார். பாதிக்கு மேல் இவர்மேல்தான் விழுந்தது. காற்று ஒன்று அடித்தது. ஆடு அசையவில்லை.

இவர் உதறினார்.

முதலில் தோள் மட்டும். அப்புறம் முதுகு, கை, கழுத்து. தாடை கிடுகிடுவென்று அடித்தது. ஆஸ்பத்திரியில் நான் கேட்ட அதே சத்தம், பல்லோடு பல். பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். யாரோ ஒரு பெண் குலவை போட ஆரம்பித்துப் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள். கத்திக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து நின்றார். பூசாரி காலிக் குடத்தோடு இவரையே பார்த்துக்கொண்டு, "ஒரிஜினலு ஒதறுதே" என்று தனக்குத்தானே சொன்னார்.

ஒரிஜினல் என்று அவர் சொன்னது இவரை. நான்தானே வேண்டினேன், உசுருக்கு உசுரு என்று. அப்படியானால் இவர் உசுருக்குப் பதிலாக வந்த இந்த ஆடே ஒரு நகல்தானே. இத்தனை மாதமாக ஆட்டுக்கு நகல் செல்லுமா செல்லாதா என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். நகல் செல்லாது என்று இந்தப் பூசாரிதானே சொன்னார். அம்மன் இப்போது ஒரிஜினலைக் கேட்கிறாளா?

நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். என் முந்தானையை அவர்மேல் போட்டு மூடினேன். அப்புறம் அந்தக் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் அதற்கு முன்னால் பேசினதில்லை.

"குளிருதுங்க இவருக்கு. வெறும் குளிரு. விடியக்காலம் கெணத்துத் தண்ணியக் கொட்டுனா யாருக்குத்தான் ஒதறாது? ஆடா இருந்தாலும் ஒதறும், ஆளா இருந்தாலும் ஒதறும். பழகிட்டா ஒதறாது. இதுல உத்தரவும் இல்ல ஒண்ணும் இல்ல."

சொல்லி முடித்தபிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது. இது என் வீட்டுக்காரர் பேச்சு. இத்தனை மாதம் அவர் சொல்லி நான் காதில் வாங்காத பேச்சு. அதை நான், அம்மன் சன்னதியில், அம்மன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். ஆளுக்கு வெறும் குளிர் என்றால் ஆட்டுக்கும் வெறும் குளிர்தான். ஆட்டுக்கு உத்தரவு என்றால் ஆளுக்கும் உத்தரவுதான். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை வைத்துக்கொள்ள வழியில்லை. நான் குளிரைப் பிடித்துக்கொண்டேன்.

பூசாரி என்னைப் பார்த்தார். "அப்ப ஆட்டுக்கு ஊத்தனதுக்கும் அர்த்தம் இல்லன்றியாம்மா?"

"இல்லண்ணே."

"நெனச்சித்தான் பேசறியா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் அம்மனைப் பார்த்தார், என் முந்தானைக்குள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்தார், அசைபோட்டுக்கொண்டிருந்த ஆட்டைப் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. பாவம், அவர் பிரிவுக்கும் இது வெளியேதான் போல. கடைசியில் ஒரு கை திருநீற்றை எடுத்து இவர் நெற்றியிலும் ஆட்டின் நெற்றியிலும் பூசினார்.

"மொட்ட போட்டுனு போ தம்பி. ஆட்ட இட்டுனு போ. இது இனிமே ஆத்தா ஆடு, எவனும் கை வைக்கக் கூடாது" என்றார்.

நாத்தனாருக்குத்தான் கோபம் அடங்கவில்லை. "வந்த சனத்துக்கு இப்ப இன்னாடா போட்றது? உன் சயின்ஸையா?" என்று தம்பியைப் பிடித்துக் கிழித்தார். பிறகு ஆள் அனுப்பி, செங்கல்பட்டில் கறிக்கடையிலிருந்து கறி வாங்கிவரச் சொன்னார். மத்தியானம் பந்தி நடந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு என் வீட்டுக்காரரும் உட்கார்ந்தார். இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கி, எலும்பை உறிஞ்சிச் சாப்பிட்டார். சாரைப் பின்பக்கம் வேப்பமரத்தில் கட்டியிருந்தது. நான் என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இது வேற ஆடு" என்றார்.

திரும்பும்போது வேனில் ஆடு எங்கள் இரண்டு பேர் காலுக்கு நடுவே படுத்துக்கொண்டது. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் கேட்டேன்.

"குளிப்பாட்டினது இதுக்குத்தானே?"

"பழகினா ஒதறாதுன்னு பாத்தேன்."

"ஆட்ட மட்டும் பழக்குனீங்களே. நீங்க பழகலையே."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "நெசமாச் சொல்லுங்க. அது குளிரா? அழுதீங்களா? திரும்பக் காய்ச்சலா? இல்ல வேற ஏதாவதா?" என்று கேட்டேன்.

"தெரியல" என்றார்.

வாராவாரம் உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் காரணம் சொன்ன வாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. "குளிருன்னு சொல்லித் தொலைங்களேன்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "குளிருதான்" என்றார். எனக்காகச் சொன்னார் என்று தெரிந்தது. அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓட்டினேன்.

காய்ச்சல் திரும்பவில்லை. அந்த ஆடு எங்கள் பின்பக்கத்தில் தாடி வளர்த்துக்கொண்டு, முருங்கை மரத்தை மொட்டையடித்துக்கொண்டு, வருகிறவர்களை எல்லாம் முட்டிக்கொண்டு வாழ்ந்தது. சில வருஷம் கழித்து, கேளம்பாக்கம் பக்கமெல்லாம் கம்ப்யூட்டர்காரர்களுக்கு அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்த சமயம், ஒரு காலையில் இவர் பேப்பரைத் தணிந்த குரலில் படித்தார். வெளிநாட்டில் அந்த நகல் ஆடு செத்துப்போய்விட்டதாம். "ஏன் மெதுவாப் படிக்கிறீங்க?" என்றேன். பின்பக்கத்தைக் கண்ணால் காட்டினார். சாருக்குக் கேட்டுவிடக் கூடாதாம். பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு போய் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"அவ்வளவு படிச்சவங்க பாத்துக்கிட்டதே போயிருச்சு" என்றேன், போய்ப் பக்கத்தில் நின்று.

"இவரு நல்லாத்தான் இருக்காரு" என்றார்.

ஆடு ஏன் நன்றாக இருக்கிறது என்று இரண்டு பேரும் பேசவில்லை. பேசினால் இவர் ஏன் நன்றாக இருக்கிறார் என்பதையும் பேச வேண்டி வரும்.

அந்த ஆடியிலிருந்து இவருக்கு வெந்நீர்க் குளியல்தான். அக்கினி வெயிலானாலும் சரி. பச்சைத் தண்ணீர் அவர் முதுகில் பட நான் விடுவதில்லை. "இந்தக் கோடையில வெந்நீர் உடம்புக்கு ஆகாதுன்னு பேப்பர்ல போட்டிருக்கான்" என்பார். "போன மாசம் ஆகும்னு போட்டான், குனிங்க" என்பேன். வெறும் குளிர்தான் என்று ஊரைக் கூட்டிச் சொன்னவள் நான், அதனால் குளிராமல் பார்த்துக்கொள்ள வேண்டியதும் நான்தானே. குனிந்து உட்காருவார். நான் மொண்டு மொண்டு ஊற்றுவேன். கடைசிச் செம்பு தீரும் வரை அவர் தோள் இரண்டையும் பார்த்துக்கொண்டே இருப்பேன்.